மாதக் கடைசிக்கும் மனபாரத்துக்கும் ஒரு சட்டிக் கஞ்சி

மாதத்தின் கடைசி வாரம். சம்பளம் வர இன்னும் ஐந்தாறு நாள் இருக்கிறது. சபுராளி வீடாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து இந்த மாதப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டிலுள்ள மூத்தவர் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இப்படி ஓர் இரவில் இன்று நம்மில் பல வீடுகளில் என்ன நடக்கிறது? "இந்த நேரத்தில் யார் அடுப்பு மூட்டுவது, பார்சல் வாங்கிக்கொள்வோம்" என்று முடிவாகிறது. பரோட்டாவும் சால்னாவும் வருகின்றன. காய்ச்சல்காரப் பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைக்கிறது. மூத்தவர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இருந்த காசும் போயிற்று. சாப்பிட வேண்டியவர்கள் சாப்பிடவும் இல்லை.

உடம்புக்கும் மனதுக்கும் இதமான சாப்பாடு என்றால் செலவு பிடிக்கும் சாப்பாடு என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் புகுந்துவிட்டது. உண்மை அதற்கு நேர்மாறானது. நோயாளியும் துக்கத்தில் இருப்பவரும் களைத்து வந்தவரும் கேட்பது என்ன? மெல்லத் தேவையில்லாத குழைவு, சூடு, தொண்டையில் இறங்கும் தண்ணீர்ப்பதம், மூக்குக்கு ஒரு நல்ல வாசம். இந்த நான்கில் எதற்கும் அதிக விலை இல்லை. அரிசி நொய்யும் பருப்பும் பார்லியும் சுரைக்காயும் இதைத் தரும். கறி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அப்படியானால் ஒரு குடும்பத்தின் ஒருவேளை ஆணத்துக்குப் போடும் 150 கிராம் துவரம்பருப்பின் விலை நாலரை ரூபாய். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயின் விலை ஒரு ரூபாய்கூட இல்லை. வெங்காயம், தக்காளி, தேங்காய் இவைதான் செலவு. ரேஷன் அரிசியைக் குறைத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. கஞ்சிக்கு அந்தக் குறை பொருந்தாது. குழைய வேக வேண்டிய இடத்தில் பாசுமதி போட்டால்தான் வீண்.

நோன்புக் கஞ்சிக்கு ஏன் முப்பது நாள் மட்டும்?

தமிழ் முஸ்லிம்களிடம் 'மனதுக்கு இதமான சாப்பாடு எது?' என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது நோன்புக் கஞ்சியைத்தான். ரமளானில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த வரிசையில் முஸ்லிம் அல்லாத அக்கம்பக்கத்தவரும் நிற்பார்கள்; கஞ்சி பிடித்துப்போனவர்கள் அவர்களிலும் நிறையப் பேர். நம் மக்கள் கடல் கடந்து போன இடங்களுக்கும் இது கூடவே போயிற்று. சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளியிலும் பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளியிலும் ரமளானில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிவாசல்களுக்கு இதற்கென்றே அரசு அரிசி ஒதுக்குகிறது.

இவ்வளவு பிடித்த ஒன்றை ஷவ்வால் பிறை பார்த்ததும் மறந்துவிடுகிறோம். பதினொரு மாதம் வீட்டில் கஞ்சி வாசமே வராது. கேட்டால், "அது பெரிய தேக்சாவில் காய்ச்சினால்தான் வரும், வீட்டில் அந்த ருசி வராது" என்பார்கள். பெரிய தேக்சாவில் நீண்ட நேரம் நின்று வேகுவதால் ஒரு தனிச் சுவை வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சுவையில் பெரும்பங்கு வெந்தயத்துக்கும், புதினாவுக்கும், கடைசியில் ஊற்றும் தேங்காய்ப்பாலுக்கும் உரியது. இந்த மூன்றையும் சரியான நேரத்தில் போட்டால் ஐந்து லிட்டர் குக்கரிலும் அது வரும்.

நான்கைந்து பேருக்கு அளவு இது. பச்சரிசி நொய் ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 கிராம். நொய் இல்லையென்றால் அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் போதும். பாசிப்பருப்பு கால் டம்ளர். வெந்தயம் ஒரு தேக்கரண்டி. பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரைத் தேக்கரண்டி. பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, ஏலக்காய் இரண்டு. மஞ்சள் தூள் கொஞ்சம். புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி. கிடைத்தால் ரம்பை இலை ஒரு விரல் நீளம். தேங்காய் அரை மூடி. கொத்துக்கறி 100 கிராம் போடலாம், போடாமலும் விடலாம். கறி இல்லாத நாளில் ஒரு கேரட்டைத் துருவிப் போட்டால் நிறமும் லேசான இனிப்பும் வரும்.

முதலில் நொய்யையும் பருப்பையும் வெந்தயத்தையும் ஒன்றாகக் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சமாகும். அதற்குள் தேங்காயைத் துருவி அரைத்து முதல் பால் முக்கால் டம்ளர் தனியாக எடுத்துவிட்டு, அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் இரண்டு டம்ளர் எடுங்கள். குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, ஏலம் போட்டு, வெங்காயத்தைப் பொன்னிறம் வரும்முன் நிறுத்துங்கள். கஞ்சிக்கு வெங்காயம் சிவக்கக் கூடாது. இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாசம் போகும்வரை வதக்கி, மிளகாய், தக்காளி, பாதிப் புதினா, பாதி மல்லி, மஞ்சள் சேருங்கள். கறி போடுவதாக இருந்தால் இப்போது போட்டு நீர் வற்றும்வரை வதக்குங்கள். பிறகு ஊறிய அரிசி பருப்பு, இரண்டாம் பால், அதோடு ஆறு டம்ளர் தண்ணீர், உப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கஞ்சி நுரைத்துப் பொங்கும். குக்கரில் பாதிக்கு மேல் போகாதீர்கள். நுரை ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து. சின்ன குக்கராக இருந்தால் தண்ணீரில் பாதியைப் பிறகு கொதிக்க வைத்து ஊற்றிக்கொள்ளலாம். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, மத்தாலோ கரண்டிக் காம்பாலோ நன்றாக மசியுங்கள். முதல் பாலை ஊற்றி, மீதித் தழைகளைப் போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். முதல் பால் தளதளவென்று கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும், வாசமும் போய்விடும். கடையில் வாங்கும் கஞ்சி மிக்ஸ் பொட்டலங்களில் கிடைக்காதது இந்தக் கடைசி இரண்டு நிமிடம்தான்.

தேங்காய் விலை கையைக் கடிக்கும் நாட்களில் அரை மூடியைக் கால் மூடியாக்கி, அதோடு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை வைத்து நைசாக அரைத்துக் கரைத்து ஊற்றலாம். பாலின் ருசி குறையும், ஆனால் பதம் வந்துவிடும். வளைகுடாவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் இதையே மின்சார ரைஸ் குக்கரில் செய்யலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அரிசிக்கு எட்டு பங்கு தண்ணீர் விட்டு, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, அவ்வப்போது கிளறினால் முக்கால் மணி நேரத்தில் ஆகிவிடும். தேங்காய்ப்பால் பொடியைக் கடைசியில் கரைத்து ஊற்றுங்கள்.

அரிசியோடு பருப்புச் சேருவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. கறி வாங்க முடியாத வாரத்தில் பிள்ளைகளுக்கு வெறும் சோறும் ரசமும் தருவதைவிட, ஒரு கைப்பிடி பருப்புப் போட்ட கஞ்சி எவ்வளவோ மேல்.

தல்பீனா: துக்க வீட்டுக்கென்றே சொல்லப்பட்ட உணவு

'மனதுக்கு ஆறுதல் தரும் உணவு' என்பது ஏதோ இக்காலத்துச் சமையல் நிகழ்ச்சிகள் கண்டுபிடித்த சொல் என்று நினைக்க வேண்டாம். ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய உறவினர் யாரேனும் இறந்துவிட்டால், கூடியிருந்த பெண்கள் கலைந்து நெருங்கியவர்கள் மட்டும் மிஞ்சியதும், ஒரு சட்டியில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். தரீத் தயாரித்து அதன் மேல் அந்தத் தல்பீனாவை ஊற்றி, இருப்பவர்களைச் சாப்பிடச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டிருப்பதாகக் காரணமும் சொல்வார்கள்.

இந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது, கூட்டம் கலைந்த பிறகு என்பது. ஆட்கள் இருக்கும்வரை துக்கம் பேச்சில் கரைந்துகொண்டிருக்கும். எல்லோரும் போன பிறகு வரும் அந்த மௌனத்தில்தான் சட்டி அடுப்பில் ஏறுகிறது.

தல்பீனா என்பது பார்லி மாவுக் கஞ்சிதான். பால் என்று பொருள்படும் 'லபன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பால் போன்ற வெண்மையும் நீர்ப்பதமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இன்று இணையத்தில் அழகான டப்பாக்களில் அரபுப் பெயர் எழுதிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். நம் ஊர் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பார்லி அரிசி போதும்.

கால் கிலோ பார்லியைக் கழுவித் துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். வெறும் சட்டியில் குறைந்த தீயில், நிறம் லேசாக மாறி வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் தாங்கும். ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வையுங்கள். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். கைவிடாமல் பத்து நிமிடம் கிண்டி, கெட்டியாக வரும்போது அரை டம்ளர் பால் ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் ஒரு தேக்கரண்டி தேன், அல்லது கொட்டை நீக்கிய இரண்டு பேரீச்சம்பழத்தை மசித்துச் சேருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு இனிப்பே வேண்டாம். பாலுக்குப் பதில் மோர் ஊற்றி, உப்பும் பொடித்த சீரகமும் போட்டால் நன்றாக இருக்கும். சொல்லப்போனால் எனக்கு இந்த மோர்ப் பதம்தான் அதிகம் பிடிக்கும்.

பார்லியில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சிக்கு அந்த வழுவழுப்பைத் தருவது அதுவே. வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்பதற்கும், இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்கும் அது உதவுகிறது. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் பார்லியையும் தவிர்க்க வேண்டும். மற்றபடி இது உணவு. மருந்துக்கு மாற்று அல்ல. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருப்பவரிடம் "தல்பீனா குடி, மாத்திரையை நிறுத்து" என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது பெரும் தீங்கு. மாத்திரையும் தொடரட்டும், கஞ்சியும் காய்ச்சுங்கள்.

சுரைக்காயும் உப்புக்கண்டமும்

மதீனாவில் ஒரு தையல்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) அவர்கள் சொல்லும் செய்தி இது. அந்த விருந்தில் வைத்தது பார்லி ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் போட்ட குழம்பும். தட்டின் ஓரங்களில் நபியவர்கள் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்த அனஸ் அவர்கள், அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போயிற்று என்கிறார்கள். கைத்தொழில் செய்து பிழைத்த ஒருவர் வீட்டு விருந்து. இன்றைக்கு நம் விருந்துகளில் சுரைக்காயை வைத்தால் பெண் வீட்டாரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த உலர்ந்த இறைச்சி நமக்கு அந்நியமானதல்ல. நம் வீடுகளின் உப்புக்கண்டமேதான். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சியை மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து மொட்டை மாடியில் காயவைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் வந்த பிறகு குறைந்துவிட்டது. ஐம்பது கிராம் உப்புக்கண்டம் ஒரு சட்டி ஆணத்துக்குக் கறிச் சுவையைக் கொடுத்துவிடும். அரைக்கிலோ புதுக்கறி செய்யும் வேலையை அது செய்கிறது.

சுரைக்காய்ப் பருப்பாணம் இப்படிச் செய்யலாம். உப்புக்கண்டத்தை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். அவர் பங்குக்குத் துண்டுகளைப் போடாமல் சாற்றை மட்டும் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. 150 கிராம் துவரம்பருப்போடு அந்தத் துண்டுகள், மஞ்சள், நான்கு பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். உப்புக்கண்டம் இல்லாதவர்கள் கசாப்புக் கடையில் 200 கிராம் நெஞ்செலும்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கறியைவிடக் குறைந்த விலையில் தருவார்கள். எதுவும் இல்லையென்றால் வெறும் பருப்பு.

சுரைக்காயை வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருளால் வருவது, வேகவைத்தாலும் போகாது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. கசக்காத காயைத் தோல் சீவி, பாதிக் காயைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். சட்டியில் எண்ணெய் விட்டுப் பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, கறிவேப்பிலை வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள் போட்டுக் காயைச் சேர்த்து மூடுங்கள். சுரைக்காய் தானே தண்ணீர் விடும். முக்கால் வேக்காட்டில் வெந்த பருப்பை ஊற்றி, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காயையும் அரைத் தேக்கரண்டி சோம்பையும் அரைத்துக் கலந்து கொதிக்க விடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். உப்புக்கண்டம் தன் பங்கை ஏற்கெனவே போட்டிருக்கும்.

சோற்றுக்கு இது போதும். ஆனால் முதல் நாள் சப்பாத்தி மிஞ்சியிருந்தால் வேறொரு வழி இருக்கிறது. சப்பாத்தியைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து ஆழமான தட்டில் பரப்பி, ஆணத்தைக் கொஞ்சம் நீர்க்க விட்டுக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தரீத் என்பது இதுதான்: ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்தது. மெல்ல முடியாத முதியவர்களுக்கும், பல் முளைக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிட வசதியான சாப்பாடு கிடையாது. பிள்ளைகளுக்குக் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன சப்பாத்தி குப்பைக்குப் போவதும் நின்றுவிடும்.

அடுப்பில் நிற்கவே முடியாத நாளுக்குப் புளியாணம் இருக்கவே இருக்கிறது. எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், சீரகம், உப்பு, மல்லித்தழை போட்டுக் கையால் பிசைந்து விடுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, நுரை கட்டும்போது இறக்கினால் முடிந்தது. சூடான சோறு, ஓர் அவித்த முட்டை. ஊருக்கு ஊர் செய்முறை மாறும். உங்கள் உம்மா செய்தபடியே செய்யுங்கள்.

துக்க வீட்டின் அடுப்பு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். வேறு எதையும் கவனிக்க முடியாத நிலையில் அவர்கள் இருக்கிறார்கள் என்பது காரணம். அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் இது இருக்கிறது. நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். மையித் எடுத்த வீட்டிலேயே அடுத்தடுத்த நாட்களில் தேக்சா ஏறுகிறது. வருபவர்களுக்கெல்லாம் கறியும் சோறும் போட வேண்டியிருக்கிறது. சம்பாதித்தவரை இழந்த வீடு, அந்தச் செலவுக்குக் கடன் வாங்குவதும் நடக்கிறது. எந்த நாளில் எது கூடும், கூடாது என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அதில் எந்தப் பக்கம் இருப்பவரும் ஏற்றுக்கொள்ளும் ஒன்று உண்டு: சமைக்க வேண்டியவர்கள் அண்டை வீட்டார், துக்க வீட்டார் அல்ல.

தெருவுக்கு ஐந்து வீடுகள் முறை வைத்துக்கொண்டால் இது பெரிய சுமையில்லை. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட ஊற்றி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை முஸ்லிமில் இருக்கிறது. பிரியாணியில் தண்ணீரைக் கூட்ட முடியாது. கஞ்சியிலும் ஆணத்திலும் முடியும்.

இருபது இருபத்தைந்து பேருக்குக் கஞ்சி அனுப்ப வேண்டுமானால் நொய் ஒரு கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெந்தயம் ஐந்து தேக்கரண்டி, தேங்காய் இரண்டு முழுக்காய், வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி அரைக்கிலோ, இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், இரண்டாம் பாலையும் சேர்த்துத் தண்ணீர் எட்டு லிட்டர். இதைக் குக்கரில் வைக்காதீர்கள். அடி கனத்த பாத்திரத்தில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். துக்க வீட்டுக்கு மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள். அழுது களைத்தவர்களுக்குக் காரம் ஆகாது. தொட்டுக்கொள்ள வடை, சமோசா என்று எண்ணெய்ப் பலகாரம் தேடி ஓட வேண்டியதில்லை. ஒரு துவையல் போதும்.

முதல் பாலை உங்கள் வீட்டில் ஊற்றாமல் தனிப் பாத்திரத்தில் கொடுத்தனுப்புவது நல்லது. தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக் கூடாது. துக்க வீட்டில் ஒருவர் மஃக்ரிபுக்குச் சாப்பிடுவார், ஒருவர் இஷாவுக்குப் பிறகுதான் ஒரு வாய் கேட்பார். அடிக் கஞ்சி சூடாக அடுப்பிலேயே இருக்கட்டும். பாலை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்கும்போது ஒரு கரண்டி ஊற்றிச் சுடவைத்துக் கொடுக்கலாம். மிஞ்சினால் இரவே ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் கெட்டியாகியிருக்கும், வெந்நீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்க வைத்து, உப்பு பார்த்துப் பரிமாறுங்கள்.